தலை மாறிய யானை

தைக் கிருத்திகைக்குத் திருத்தணி போகப் போவதாக நம் வகுப்பில் பலர் சொல்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் நைனாவும் போனது ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பு. அப்போது கூட்டம் இல்லை.

அரக்கோணத்தில் காலை ஏழு இருபதுக்கு ரயில். எட்டு மைல் தூரம், ஆளுக்கு மூன்றணா. ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு ஜட்காக்காரர் நாலணா கேட்டார். ஒரு மைல்தானே என்று நைனா நடக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கோபம்தான். ஆனால் வண்டியில் போயிருந்தால் அந்தச் சுவர்களைப் பார்த்தே இருக்க மாட்டேன்.

திருவிழாவுக்காகத் தெருவெல்லாம் படம் எழுதியிருந்தார்கள். தையற்கடைச் சுவரில் ஒரு மயில், தோகை முழுக்கச் சட்டைப் பொத்தான்கள். சைக்கிள் ரிப்பேர் செய்யும் பாய் தம் சுவரில் ஒரு சைக்கிளை எழுத வைத்திருந்தார். சக்கரக் கம்பிகளை எண்ணினேன், இருபத்தெட்டு. குறைகிறதே என்றதற்கு, மீதி ரிப்பேரில் இருக்கிறது என்றார் பாய்.

குளத்துக்குத் தெற்கே ஒரு சத்திரம். அதன் நீளச் சுவரில் ஓவியர் கன்னியப்பன் முருகனை எழுதிக்கொண்டிருந்தார். வேலூர்க்காரர். இத்தனை வருஷம் வேறொருவரிடம் கூலிக்கு எழுதியவர். அடியில் தம் பெயரைப் போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்த முதல் சுவர் இதுதான் என்று நைனாவிடம் சந்தோஷமாகச் சொன்னார். ஆறு நாள் வேலையாம். கண்கள் மட்டும் பாக்கி. கண் திறப்பது எப்போதும் கடைசியில்தானே.

முருகன் எதிரே ஒரு யானை, அவரைப் பார்த்தபடி. ரயிலில் தலபுராணப் புத்தகம் படித்துக்கொண்டு வந்தவள் சும்மா இருக்கலாமா? "இந்த ஊரில் யானை சாமிக்கு முதுகைக் காட்டித்தானே நிற்கும்?" என்று உரக்கக் கேட்டுவிட்டேன். தெய்வானையோடு சீதனமாக வந்த யானை அது. அது போனதும் இந்திரனின் செல்வம் குறைந்ததாம். அதனால் அவன் நாடு இருக்கும் கிழக்குப் பக்கமே பார்த்து நிற்கும்படி முருகன் சொல்லிவிட்டார்.

உள்ளேயிருந்து சத்திரத்து மணியக்காரர் வந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"நாளன்னிக்குக் காவடி வருது. வர்றவன் எல்லாம் கேப்பான். சுண்ணாம்பு அடிச்சிடு."

"எத்தினியோ கோயில்ல எழுதினேங்க. எல்லா யானையும் சாமியப் பாத்துகினுதான் நிக்குது," என்றார் கன்னியப்பன்.

ஆள் சுண்ணாம்பு வாளியோடு வந்துவிட்டான். எனக்கு அழுகை முட்டியது. யானையை மட்டும் திருப்பி எழுதலாமே என்று நைனா சமாதானம் பேசினார். எழுதிய தெய்வப் படத்தில் கை வைத்தால் பாவம் என்று மணியக்காரர் மறுத்தார். சுண்ணாம்பு அடிப்பது மட்டும் பாவமில்லையா என்று நைனா கேட்கவில்லை. நானும், அதிசயமாக, கேட்கவில்லை.

கன்னியப்பன் யானையின் முகத்தைக் காட்டினார். "அதுக்கு இன்னும் கண்ணு தொறக்கலீங்களே. தொறக்காத வரைக்கும் தல எந்தப் பக்கம் வேணும்னாலும் இருக்கலாம்."

மணியக்காரர் யோசித்தார். "ஆங்... சாயந்தரத்துக்குள்ள ஆவணும்."

கன்னியப்பன் அந்த வாளியை வாங்கி, பழைய தும்பிக்கையை மறைத்தார். பின்பக்கத்தில் காது முளைத்தது. தலை இருந்த இடத்தில் வால் வந்தது. நாங்கள் முந்நூற்றறுபத்தைந்து படி ஏறித் தரிசனம் முடித்து நாலு மணிக்கு இறங்கியபோது, யானை கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது. பின்புறம் மட்டும் சற்றுத் தாராளம். கண் திறந்தாயிற்று. அடியில் கொட்டை எழுத்தில் பெயர். கன்னியப்பன் பீடியை ஒளித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "வேற எதுனா தப்பு இருக்குதா பாப்பா? இப்பவே சொல்லிடு."

இருந்தது. முருகனின் மயிலுக்கு ஒரு கால்தான். சொல்லவில்லை.

போகிறவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். பத்து மணிக்குள் மலை ஏறிவிடுங்கள், பிறகு படி சுடும். திரும்பும்போது ஸ்டேஷனுக்கு ஜட்கா எங்கே கிடைக்கும் என்று குளத்தங்கரைப் பூக்காரம்மாவைக் கேட்டோம். அவர் தலை நிமிராமல் பூக் கட்டிக்கொண்டே சொன்னார்: "கன்னியப்பன் யானையாண்ட போய் நில்லுங்க."