எழிலரசி எடுத்த இரண்டாவது படம்

கடலூர் சோனாங்குப்பத்தில் எழிலரசியைக் கேட்டால், “புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்குதே, அந்தப் பொண்ணா?” என்பார்கள். அவள் சளைக்காமல் திருத்துவாள். “மருந்து இல்லக்கா. அது எங்க இருக்குதுன்னு காட்டுறது.” அவள் அப்பா, அண்ணன் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். அவள் மட்டும் தினமும் காலையில் கடலூரிலிருந்து பஸ் பிடித்து, சிதம்பரத்தில் ஒரு ஆய்வகத்துக்குப் போனாள்.

அவளுடைய வேலை கண்ணுக்குத் தெரியாத இரும்பு ஆக்சைடு துகள்களோடு. அவற்றின் மேல் ஆன்டிபாடி என்னும் புரதத்தை ஒட்டுவாள். சிலவகை மார்பகப் புற்றுநோய்ச் செல்களின் மேல் ஒரு அடையாளம் ஏராளமாக இருக்கும். ஆன்டிபாடி அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். எம்.ஆர்.ஐ. எடுத்தால், துகள்கள் சேர்ந்த இடம் கறுப்பாகத் தெரியும்.

ஆய்வில் சேர்ந்த மூன்றாம் வருடம் அந்தக் கறுப்பு வந்தது. வழிகாட்டி ஸ்ரீமதி மேடம் அன்றே எல்லோருக்கும் படத்தை அனுப்பினார். ஆறு மாதத்தில் கட்டுரையும் தயாரானது.

அதைக் கடைசியாகப் படித்துப் பார்க்கும்போதுதான் எழிலரசிக்கு உறுத்தியது. ஆன்டிபாடி ஒட்டாத வெறும் துகளைப் போட்டு ஒருமுறைகூட படம் எடுக்கவில்லையே! எடுத்தாள். அதுவும் அதே கறுப்பு. அப்படியானால் துகள் அடையாளம் பார்த்துப் பிடிக்கவில்லை. சும்மாவே போய் ஒட்டிக்கொள்கிறது.

வீட்டில் கணவன் பூவரசனிடம் சொன்னாள். “மாமா, அந்தப் படம் தப்பு.”

“மெஷின் கோளாறா?”

“மெஷின் சரியாத்தான் எடுத்துச்சி. நாங்கதான் தப்பா புரிஞ்சிக்கிட்டோம்.”

“அப்ப போய் சொல்லிடு. நீ சொல்லாம வேற எவனாச்சும் கண்டுபிடிச்சா நல்லாவா இருக்கும்?”

மறுநாள் மேடம் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. “எத்தனை தடவ பண்ணின?”

“மூணு தடவ, மேடம்.”

“இத ஆறு மாசம் முன்னாடி சொல்லியிருக்கலாமே!”

“அப்ப எனக்கும் தெரியாது. சரி பண்ணிடலாம் மேடம். கண்டபடி ஒட்டாம இருக்க துகள் மேல ஒரு பூச்சு போடணும், அவ்வளவுதான்.”

மேடம் கட்டுரையை அனுப்பவில்லை.

அந்த ‘அவ்வளவுதான்’ ஏழு மாதம் இழுத்தது. முதல் பூச்சு தடித்துப்போய் ஆன்டிபாடியையே மூடிவிட்டது. துகள் எதிலும் ஒட்டவில்லை. அளவைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தாள். பதினோராவது கலவை கைகொடுக்கும்போல இருந்தது.

ஆய்வகத்தில் அப்போது ஸ்கேனுக்கு வழியில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் கேட்டு நேரம் வாங்கினார்கள். ஒட்டாத துகளைக் கழுவிவிட்டு, ஜெல்லில் செல்களை உறையவைத்த நான்கு குழாய்களை அங்கே வேலை பார்க்கும் ஜான்சியிடம் கொடுத்தாள். ஒன்றில் புற்றுநோய்ச் செல்லும், பூச்சும் ஆன்டிபாடியும் உள்ள முழுத் துகளும். இரண்டாவதில் அதே செல்லும், பூச்சு மட்டும் போட்டு ஆன்டிபாடி ஒட்டாத துகளும். மூன்றாவதில் நல்ல செல்லும் முழுத் துகளும். நான்காவதில், துகள் வருவதற்கு முன்பே அடையாளங்களையெல்லாம் அடைத்துவிட்ட புற்றுநோய்ச் செல்.

திரையில் முதல் குழாய் மட்டும் கருகருவென்று நின்றது.

“ஒண்ணுதான் கறுப்பா வருது. மத்தது மூணும் பளிச்சுன்னு இருக்குது. திரும்ப எடுக்கட்டுமா?” என்றாள் ஜான்சி கவலையோடு.

“எடுங்க. ஆனா இப்படித்தான் வரணும்.”

மறுபடியும் அதேதான் வந்தது. ஸ்ரீமதி மேடம் போனில் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “எலியில எப்ப பாக்கலாம்?”

உயிருள்ள உடம்பில் ரத்தம் ஓடும், கல்லீரல் பாதித் துகளை விழுங்கிவிடும், குழாயில் வந்தது அங்கே வராமலும் போகலாம் என்பது எழிலரசிக்குத் தெரியும். “திங்கக்கிழம எலிச் சோதனைக்கு அனுமதி கேட்டு எழுதிடுறேன் மேடம்,” என்றாள்.