லீட்டுக்காரர்

குக்கர் விசில் அடிக்காமல் புஸ்ஸென்று காற்றை விடுகிறது. சாப்பாட்டு மேசையில் இருப்பவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "ஆகா, லீட் குடுத்துட்டான்யா!" என்கிறார். எவன் கொடுத்தான், எதற்குக் கொடுத்தான் என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. "கேஸ்கெட் போயிடுச்சு, அவ்ளோதான். ஒண்ணு வாங்கிட்டு வர வக்கில்ல, லீட்டாம் லீட்டு!" என்று மனைவி சமையலறையிலிருந்தே வாருவார்.

திரைக்கதைக்கு ரிப்பேர் பார்ப்பது அவர் தொழில். யாராவது ஓர் இயக்குநரின் கதை பாதியில் படுத்துக்கொண்டால் இவருக்கு ஆள் வரும். பின்னால் நடக்கப்போகிற பெரிய விஷயத்துக்கு முன்னாலேயே எங்காவது ஒரு சின்ன அடையாளம் போட்டு வைக்க வேண்டும். அதற்கு அவர்கள் வட்டாரத்தில் லீட் என்று பெயர். "லீட் இல்லாம ஒருத்தன் செத்தா ஜனம் சிரிக்கும். லீட் குடுத்துட்டு அவனைச் சாகடிக்கலன்னா காறித் துப்பும்." அவருடைய மொத்த வேதாந்தமும் இவ்வளவுதான். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் லீட்டுக்காரர் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

வேலை செய்கிற அழகைப் பார்க்க வேண்டுமே! சீன் எழுதிய அட்டைகளை இயக்குநரின் ஆபீஸ் சுவர் முழுக்கக் குத்திவைத்துவிட்டு, தர்பூசணி வாங்க வந்தவர் போல ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்ப்பார். "உள்ள சத்தமே இல்லையே, சொத்தை" என்று ஒன்றைப் பிடுங்குவார். இடைவேளை அட்டைக்கு மட்டும் தனி மரியாதை. "இடைவேளைன்னா ஜனம் எந்திரிச்சுப் போகணும். ஆனா கால் வரக்கூடாது" என்பார்.

இப்போது கையில் இருப்பது ஓர் அப்பா, மகள் கதை. "பொண்ணு அச்சு அசலா இருக்கணும் சார்" என்று இயக்குநர் கேட்டார். இவரும் அதிகம் யோசிக்காமல் தன் மகளையே தூக்கி உள்ளே வைத்துவிட்டார். பல் ஆஸ்பத்திரியில் வேலை, ஸ்கூட்டர், வாய் நிறையச் சிரிப்பு, எல்லாம் அவளேதான். வீட்டில் மூச்சு விடவில்லை. பெற்ற பிள்ளையைத் திருடியதாக மகள் சண்டைக்கு வருவாளே என்று கொஞ்சம் வெட்கம்.

கதையில் அந்தப் பெண் முடியைக் கழுத்தளவு வெட்டிக்கொள்கிறாள். கொஞ்ச நாளில் இவர் மகள் அதே மாதிரி வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். இவர் சிரித்தார். கதையில் அவள் ஒரு கண் இல்லாத பூனையைத் தூக்கி வருகிறாள். இங்கேயும் மகளின் பைக்குள்ளிருந்து ஒன்று எட்டிப் பார்த்தது, ஒற்றைக் கண்ணோடு.

"எங்கடி புடிச்ச?"

"நான் எங்க புடிச்சேன்? அதுவா பின்னாடியே வந்துச்சுப்பா."

அன்றிலிருந்து அவர் வாயில் லீட் என்ற சொல்லே வரவில்லை. கிண்டலடித்தே பழகிய மனைவியே கடைசியில் கேட்டுவிட்டார்: "என்னங்க, ஃபேன் இந்தக் கத்து கத்துது, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க?"

கதையில் அடுத்த அட்டை, மகள் மஞ்சள் மழைக்கோட்டு வாங்குவது. அதற்கு அடுத்தது இடைவேளை. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு மழையில் ஸ்கூட்டரை எடுத்தவள் வீடு திரும்புவதில்லை. அவர் இரண்டு அட்டைகளையும் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். மகள் கூடத்தில் மஞ்சள் கோட்டைத் தோளில் வைத்துக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். "தள்ளுபடியில குடுத்தான்பா. எடுப்பா இருக்கா?" அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், "எடுப்பா இருக்கும்மா" என்றார்.

மறுநாள் விடிந்ததும் இயக்குநரிடம் ஓடினார். "பொண்ணைக் காப்பாத்திடுவோம்."

"நல்லாருக்கே! குடுத்த லீட்டை என்ன பண்றது? ஜனம் காறித் துப்பும்னு நீங்கதானே சார் சொல்வீங்க?"

"அப்போ அவளுக்குப் பதிலா அப்பன் போகட்டும். அதே கோட்டு, அதே வண்டி."

இயக்குநர் சுவரிலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பலமாத்தான் இருக்கு. ஆனா அப்பா சாகறதுக்கு லீட்டே இல்லையே சார்."

அதற்குப் பிறகு வீட்டில் லீட்டுக்காரர் வேறு ஆளாகிவிட்டார். வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில், பீரோவின் இன்னொரு சாவி எங்கே என்றெல்லாம் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். காரணமே இல்லாமல் மகளின் தலையைத் தடவினார். பழைய ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்தார். மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: "என்ன வந்துச்சு உங்களுக்கு? சினிமால சாகப்போறவன் மாதிரியே பேசிட்டுத் திரியறீங்க?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நெஜமாவா? பாக்கறவங்களுக்கு அப்படித் தெரியுதா?"

"வாயைக் கழுவுங்க!"

இன்று காலை மழை பிடித்துக்கொண்டது. மகள் அவசர அவசரமாகத் தலையைச் சீவிக்கொண்டு வருவதற்குள் ஸ்கூட்டர் சாவி அவர் கையில் இருந்தது, மஞ்சள் கோட்டு அவர் உடம்பில் இருந்தது.

"அப்பா, என்னோடதுப்பா அது! எங்க கிளம்பிட்டீங்க?"

"கேஸ்கெட் வாங்கத்தான். நீ பஸ்ஸுல போம்மா."

கோட்டு முழங்காலுக்குக் கூட எட்டவில்லை. தையல் தோளில் பிதுங்கியது. "கண்ணாடியில பாருங்கப்பா, காமெடியா இருக்கு!" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பாமல் அவளையே பார்த்துக்கொண்டு, மூச்சை இழுத்து வயிற்றை எக்கி, கடைசிப் பொத்தானையும் போட்டார்.