மூன்றடி வழி விட்டிருந்தேன்

போன தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தஞ்சாவூர் மேல வீதிக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் நடந்தது இது. என் மனைவியின் சித்தப்பா மகளுக்கு அன்று கல்யாணம். ஏழரை ஒன்பது முகூர்த்தம். பூதலூரிலிருந்து நாங்கள் இருவரும் காரில் கிளம்பினோம். அறுவடை நேரம் என்பதால் வழியெல்லாம் பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நெல்லின் மேல் வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கல் அடுக்கியிருந்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் எதிரே பஸ் வந்தால் நின்று, போனபின் நகர்ந்து, கால் மணி நேரம் தாமதமாகிவிட்டது.

“ரோடு என்ன இவங்க களமா?” என்று நான் சலித்துக்கொண்டதற்கு, “சாப்பிடும்போது மட்டும் இந்தக் கேள்வி வராது” என்றாள் மனைவி.

ஊருக்குள் நுழைந்தபோது மணி ஏழரை. அந்தத் தெருவில் மட்டும் மூன்று மண்டபங்கள். மூன்றிலும் கல்யாணம். இரண்டு பக்கமும் வண்டிகள் நிறைந்து, நடுவில் ஒரு கார் போகிற அகலம்தான் மிச்சம். மனைவியை மண்டப வாசலில் இறக்கிவிட்டு இரண்டு முறை சுற்றி வந்தேன். இடம் கிடைக்கவில்லை. மூன்றாவது சுற்றில், தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தின் முகப்பு காலியாக இருந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு வீடுகள் இருக்கும். அந்தப் பக்கம் வழி இல்லாத சந்து.

வலது பக்கச் சுவரை ஒட்டி வண்டியை ஏற்றி நிறுத்தினேன். இறங்கி இடது பக்கம் பார்த்தேன். சாக்கடை விளிம்புக்கும் வண்டிக்கும் நடுவில் மூன்றடி இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, சிரமமில்லாமல் அந்த வழியாகப் போனார். எனக்குத் திருப்தியாக இருந்தது. போதாததற்கு என் போன் நம்பரை ஒரு தாளில் எழுதி முன்கண்ணாடிக்கு உள்ளே வைத்தேன். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டுப் பூட்டினேன்.

பத்திரிகை அலுவலகத்தில் பல வருடம் பக்கம் பார்த்தவன் நான். ‘தாறுமாறாக நிறுத்தப்படும் வாகனங்கள்: பொதுமக்கள் அவதி’ என்ற தலைப்பை என் கையாலேயே எத்தனை முறை வைத்திருப்பேன் என்று கணக்கில்லை. அப்படி நிறுத்துகிறவன் நான் இல்லை என்ற எண்ணத்தோடுதான் மண்டபத்துக்கு நடந்தேன். படியேறும்போது சட்டைப் பை லேசாக இருந்தது. போனை வண்டியிலேயே சார்ஜில் விட்டிருந்தேன். திரும்பிப் போக அலுப்பு. ஒரு மணி நேரம் போன் இல்லாமல் இருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

எட்டு மணிக்கெல்லாம் தாலி கட்டிவிட்டார்கள். அட்சதை போட்டுவிட்டுக் கீழே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். பந்தி முடிந்து இலையை மூடிவிட்டேன். கை கழுவிக்கொண்டு காபி தருகிற இடத்தில் வரிசையில் நின்றபோது மைக்கில் என் வண்டி எண்ணைச் சொன்னார்கள். உடனே வந்து எடுக்கவும் என்றார்கள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் எட்டு முப்பத்தொன்று.

எனக்கு முன்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். மூன்றடி வழி விட்டிருக்கிறேனே, யாரோ கார்க்காரர் அவசரப்படுகிறார் போல என்று நினைத்தேன். காபி வந்தது. சூடாக இருந்தது. ஆற்றிக் குடித்தேன். இரண்டாவது முறை மைக்கில் சொன்னபோது டம்ளரைக் கூடையில் போட்டுவிட்டு நடந்தேன். ஓடவில்லை.

சந்து முனையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவர் என்னைப் பார்த்ததும் சத்தமாக, “வாங்க சார், வாங்க! கேசரி நல்லா இருந்துச்சா?” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

என் கண் முதலில் போனது காரின் முன் பம்பருக்கு. அதில் புதிதாக ஒரு நீளக் கீறல். கேட்க வாயெடுத்தபோதுதான் காருக்கு அந்தப் பக்கம் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்தேன். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் துணைச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். அதன் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். இடது காலில் இரும்புப் பட்டை போட்ட கேலிப்பர். முன்னால் ஊன்றுகோல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். துணைச் சக்கரம் என் பம்பரை உரசிக்கொண்டு நின்றது. நான் விட்டிருந்த வழியில் அது நுழைய இன்னும் ஓர் அடி வேண்டும்.

“பரீட்சைக்குப் போகணும் சார் அது. கவர்மென்ட் வேலைப் பரீட்சை. மெடிக்கல் காலேஜ் ரோட்டுல ஸ்கூலு. ஒம்போது மணிக்கு கேட்ட சாத்திருவான்” என்றார் இஸ்திரிக்காரர். “எட்டு மணிலேர்ந்து நிக்குது. நம்பர் எழுதி வச்சிருக்கீங்க. போட்டா போன் உள்ள சீட்டுல கெடந்து மினுக்குது. கண்ணாடி வழியா நாங்க எல்லாரும் வேடிக்கை பாக்குறோம்!”

“ஆட்டோ…” என்று ஆரம்பித்தேன்.

“அதுக்கும் போன் பண்ணியாச்சு. உங்க கல்யாண வண்டியெல்லாம் தாண்டி உள்ள வரமாட்டேன்னு முக்குலயே நின்னான். இந்தப் புள்ள கட்டைய ஊனிக்கிட்டு அம்புட்டு தூரம் போறதுக்குள்ள வேற சவாரி ஏத்திக்கிட்டுப் போயிட்டான். பைக்ல பின்னால உக்காரவும் அதுக்கு ஆகாது. நாலு பேரு சேந்து ஸ்கூட்டர தூக்கிப் பாத்தோம். அதுலதான் உங்க வண்டில கோடு விழுந்துச்சு. அதுக்கும் வேணா எங்கள சொல்லுங்க.”

அந்தப் பெண், “சார், கொஞ்சம் சீக்கிரம்” என்று மட்டும் சொன்னார். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்ற வயதான அம்மா அவருடைய தாயார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. “ஐயா, கொஞ்சம் எடுத்து விட்டுருங்கய்யா” என்று இரண்டு கையையும் கூப்பினார்.

எடுத்தேன். ஆனால் சந்திலிருந்து பின்னால் வந்தால் தெருவில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. இஸ்திரிக்காரரும் இன்னும் இரண்டு பேரும் நடுவில் நின்று கையைக் காட்டி நிறுத்தி, எனக்கு இடம் பண்ணிக் கொடுத்தார்கள். ஸ்கூட்டர் வெளியே வந்தபோது வண்டிக் கடிகாரத்தில் எட்டு நாற்பத்து நான்கு. அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல் போனார். அம்மா என் பக்கம் வந்து, “நல்லா இருங்கய்யா” என்றார்.

வேறொரு தெருவில் இடம் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தேன். ஒரே எண்ணிலிருந்து பதினான்கு அழைப்புகள். அந்தப் பெண்ணுடையதாகத்தான் இருக்க வேண்டும். முதலாவது எட்டு இரண்டுக்கு. கடைசி எட்டு இருபத்தொன்பதுக்கு. அதற்குப் பிறகுதான் யாரோ மண்டபம் மண்டபமாகப் போயிருக்க வேண்டும். ஞாயிறு காலை, சாலை காலியாக இருக்கும், பதினைந்து நிமிடத்தில் போய்விடலாம் என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். மண்டபத்தில் போட்டோ எடுத்துக்கொண்டோம். மொய் எழுதினோம். மனைவி உறவினர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் மனம் ஒரு நிலையில் இல்லை.

பத்தேகால் மணிக்கு அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். பேச வேண்டும் என்று இல்லை. தேர்வுக் கூடத்துக்குள் போனை எடுத்துப்போக விடமாட்டார்கள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்ற பதிவுக் குரல் வரும். அதைக் கேட்டால் நிம்மதியாக இருக்கும் என்றுதான் செய்தேன்.

மணி அடித்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“ஹலோ, யாருங்க?”

அந்தப் பெண்ணின் குரல்தான். காலையில் காரை நிறுத்தியிருந்தவன் என்று சொன்னேன். “சொல்லுங்க சார்” என்றார்.

“எழுதலையாம்மா?”

“ஒம்போது ஒண்ணுக்குப் போனேன் சார். சாத்திட்டாங்க.”

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். பள்ளிக்கூட வாசலில்தான் என்றார். மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல் கிளம்பினேன். அந்தச் சாலையிலும் தேர்வர்களைக் கொண்டுவந்து விட்டவர்களின் வண்டிகள் நிறைய நின்றன. வெகுதூரம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போனேன். வாசலுக்கு எதிரே புங்க மரத்து நிழலில் ஸ்கூட்டரை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழ முயன்றார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

உள்ளே போய் யாரிடமாவது பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

“ஒரு நிமிஷம்னாலும் லேட்டு லேட்டுதான் சார். எனக்கு முன்னாடியே ரெண்டு பேரு அழுதுகிட்டு நின்னாங்க. அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க.”

“நீங்க போகலையா?”

“அம்மா ரூம்ல இருக்கே. நான் பரீட்சை எழுதுறத பாக்கணும்னு களத்துல நெல்லு காயவைக்கிற வேலைய விட்டுட்டு ஊர்லேர்ந்து வந்துருக்கு. பன்னெண்டரைக்கு விடுவாங்க. அப்பதான் போகணும்.”

புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. “அம்மாகிட்ட சொல்லப் போறதில்லையா?”

“எழுதினேன், கஷ்டமா இருந்துச்சுன்னு சொல்லிடுவேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் போகும்.”

பகலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை, சாயங்காலத்துக்கு மேல் படிப்பு என்று மூன்று வருடமாக அந்தச் சந்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். அடுத்த முறை எழுதலாமே என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

“எழுதலாம் சார். இந்த வேலைக்கு எப்பக் கூப்புடுவாங்கன்னு தெரியாது. இதுக்கு முன்னாடி கூப்பிட்டு மூணு வருஷம் ஆச்சு.”

நான் உங்கள் அம்மாவிடம் வந்து என் தப்புதான் என்று சொல்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் வேகமாகத் தலையை ஆட்டினார்.

“வேணாம் சார். உங்கள நல்லா இருங்கன்னு சொல்லிச்சு அது. தெரிஞ்சா அதுக்கும் சேத்து வருத்தப்படும்.”

உள்ளே மணி அடித்தது. அவர் திரும்பி அந்தக் கட்டடத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், “மைக்ல சொன்னாங்களாம். இஸ்திரிக்கடை அண்ணன் சொன்னாங்க. உங்களுக்குக் கேக்கலையா சார்?” என்றார்.

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“பந்தில உக்காந்திருப்பீங்க. பாதி எலையில எந்திரிச்சா பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு மனசு சங்கடமா இருக்கும்ல.”

“ஆமாம்மா” என்றேன்.

அவர் தலையசைத்தார். ஒரு காரணம் கிடைத்துவிட்டதில் அவருக்குச் சற்று ஆறுதல் போலத் தெரிந்தது. “நீங்க போங்க சார். கல்யாண வீட்ல தேடுவாங்க” என்றார். நான் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. அவர் மறுபடி எழுதினாரா, அவருடைய அம்மாவுக்கு எப்போது தெரிந்தது, எதுவும் எனக்குத் தெரியாது. வண்டி நிறுத்துவதில் இப்போது கவனமாக இருக்கிறேன். அது பெரிய விஷயமில்லை. கவனம் பழக்கத்தில் வந்துவிடும். தேர்வு கைவிட்டுப் போன அந்தக் காலையில், நான் குற்றவாளியாக நிற்க வேண்டாமே என்று அவர் எனக்காக ஒரு காரணத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். நான் அதைக் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். அவருக்கு அன்று என்னால் தர முடிந்திருக்கக்கூடியது உண்மை ஒன்றுதான். அதையும் தரவில்லை. அந்த எண் இன்னும் என் போனில் இருக்கிறது. எனக்குக் கேட்டது, முதல் முறையே கேட்டது, காபியை ஆற்றிக் குடித்துவிட்டுத்தான் வந்தேன் என்று அவரைக் கூப்பிட்டுச் சொல்லும் தைரியம் இன்றுவரை வரவில்லை. அதனால்தான் முகம் தெரியாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.