வெள்ளைப் பொட்டு, மஞ்சள் பொட்டு

பெரியவருக்குக் கோபம் மூக்கு நுனியில் குடியிருந்தது. நாற்பது வருஷமாகக் கார் மெக்கானிக். ‘இவர்கிட்ட போன வண்டி அதே கோளாறுக்குத் திரும்பி வராது’ என்று பெயர் வாங்கியவர். அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லியே பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டார் என்பது வேறு விஷயம். கூடவே வேலை பார்த்த தம்பியை எல்லாரும் சின்னவர் என்பார்கள். பத்து வயது இளையவர். தலை நரைத்த பிறகும் அண்ணனிடம் ‘டேய்’ வாங்கிக்கொண்டிருந்தார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சின்னவர் ஒரு வண்டியின் சக்கர நட்டுகளைச் சரியாக இறுக்காமல் அனுப்பிவிட்டார். நல்லவேளை, தெருமுனையிலேயே தெரிந்துபோயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெரியவர் விடுவாரா? மறுநாளே இரண்டு பெயிண்ட் டப்பா வாங்கிவந்தார். ஒவ்வொரு நட்டையும் இறுக்கி முடித்ததும் அதன்மேல் ஒரு பொட்டு வைக்க வேண்டும். அவர் இறுக்கினால் வெள்ளை, தம்பி இறுக்கினால் மஞ்சள்.

“நாளைக்கு ஏதாச்சும் கழண்டா யாரு லட்சணம்னு தெரியணும்ல?” என்றார்.

சின்னவர் தலையாட்டினார். பாவம், வேறென்ன செய்வார்.

அன்று காலை மருந்துக்கடைக்காரர் தன் இருபத்திரண்டு வருஷத்துக் காரைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கும்போதே முகம் சரியில்லை. மூன்று வாரம் முன்புதான் அண்ணனும் தம்பியுமாக அந்த இன்ஜினை முழுசாகப் பிரித்துக் கோத்திருந்தார்கள்.

“இன்ஜினுக்குள்ள யாரோ கதவ தட்டுற மாதிரி இருக்குங்க,” என்றார்.

பெரியவருக்குச் சுருக்கென்றது. திரும்பி வந்த வண்டி! பானெட்டைத் திறந்து, ஓடுகிற இன்ஜினின் ஆக்சிலேட்டர் கேபிளைக் கையால் இழுத்தார். டொக், டொக், டொக். வேகம் கூடக்கூட டொக்கும் நெருங்கியது. மேலே வால்வுச் சத்தம் என்றால் டிக்டிக் என்று மெலிசாக இருக்கும். இது அடிவயிற்றிலிருந்து வந்தது. நீள ஸ்க்ரூடிரைவரை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு எந்தப் பிஸ்டன் என்று கண்டுபிடிக்க, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். முதல் இரண்டுக்கும் சத்தம் குறையவில்லை. மூன்றாவதைப் பிடுங்கியதும் பாதியாகத் தணிந்தது. மூன்றாவது பிஸ்டனின் ராடு, கீழே சுழலும் தண்டைக் கவ்வுகிற இடத்தில் ஆடுகிறது. நட்டு இறுகவில்லை.

“டேய்! இங்க வாடா!”

சின்னவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வாசலில் தங்கள் வண்டிக்காகக் காத்திருந்த இரண்டு டாக்ஸி டிரைவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

“மூணாவது ராடு நட்ட இறுக்காம விட்டிருக்க. உனக்கு எப்பதான்டா புத்தி வரும்?”

“அண்ணே, தொறந்து பாத்துட்டு சொல்லுங்க.”

“தொறந்து வேற பாக்கணுமா? சக்கரத்த கழட்டி விட்டவன்தானே நீ!”

டிரைவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் ஒருவேளை அன்றும் சின்னவர் வாயை மூடிக்கொண்டு போயிருப்பார். காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“ஆறு வருஷமா ஒரு நாள் விடாம சொல்லிட்டீங்க. போதும்ணே. பஸ் கம்பெனில கூப்பிட்டுட்டே இருக்காங்க. நாளையிலேருந்து அங்க போறேன்.”

“போயேன்! உன்ன யாரு கட்டிப் போட்டிருக்கா?”

சின்னவர் போய்விட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷன், தம்பி தெருமுனை தாண்டும்வரை வாசலிலேயே நின்று பார்த்தார். இருபத்தேழு வருஷம், வண்டிக்கு அடியில் வெட்டிய ஒரே பட்டறைக் குழிக்குள் இறங்கி வேலை பார்த்தவர்கள்.

மருந்துக்கடைக்காரரைச் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டு, மதியம் காருக்கு அடியில் குழிக்குள் இறங்கினார். ஆயிலை வடித்து, அடித்தொட்டியைக் கழற்றி, விளக்கைப் பிடித்தார். மூன்றாவது ராடின் ஒரு நட்டு விரலால் தொட்டதுமே சுழன்றது.

அதன்மேல் வெள்ளைப் பொட்டு.

பெரியவர் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனார். ஞாபகம் வந்துவிட்டது. அன்று அந்த நட்டைக் கையால் திருகி வைத்திருந்த நேரத்தில் போன் வந்தது. பேசிவிட்டு வந்து, எல்லாவற்றையும் இறுக்கியாயிற்று என்ற நினைப்பில், நாலு ராடின் எட்டு நட்டுக்கும் ஒரே மூச்சில் பொட்டு வைத்தார். தம்பியைப் பிடிக்கப் போட்ட சட்டத்தில் தானே கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

பட்டறையில் ஒரு ஆள் இல்லை. பெட்ரோலில் நனைத்த துணியால் ஒரு தேய்ப்பு, அதன்மேல் ஒரு மஞ்சள் பொட்டு, முடிந்தது கதை. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், பெரியவர் தேய்த்தும்விட்டார். பாதி வெள்ளை துணியில் வந்துவிட்டது. மஞ்சள் டப்பாவை எடுத்து மூடியையும் திறந்தார்.

பிரஷ்ஷோடு நிமிர்ந்தபோது, தண்டைத் தாங்கும் மற்ற போல்ட்டுகள் கண்ணில் பட்டன. அவை தம்பி இறுக்கியவை. ஒவ்வொன்றிலும் இரண்டு மஞ்சள் பொட்டு. ஒரு தரம் இறுக்கி, மறுபடி ஒரு தரம் சரிபார்த்து இன்னொரு பொட்டு. முன்பொரு நாள் இதைப் பார்த்துவிட்டு, “பெயிண்ட் என்ன ஓசியிலயா வருது?” என்று நக்கலடித்தது அவர்தான். இப்போது ஸ்பேனரைப் போட்டுப் பார்த்தார். பத்தும் இரும்பாக நின்றன. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் குழிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதார்.

தம்பி வீடு இரண்டு தெரு தள்ளி. கதவைத் திறந்த தம்பி மனைவி, “வாங்க மாமா,” என்றாளே தவிர முகம் பார்க்கவில்லை. பெரியவர் கழற்றி எடுத்துவந்த அந்த நட்டைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தார்.

“என் பொட்டுதான்டா. பாதி நானே அழிச்சுட்டேன். மேல உன் பொட்டு வைக்கலாம்னு பாத்தேன்.”

சின்னவர் நட்டைத் திருப்பிப் பார்த்தார்.

“நாலு பேரு முன்னாடி திட்டினீங்க,” என்றார். “இத வீட்டுக்குள்ள வந்து சொல்றீங்களே அண்ணே.”

பெரியவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. நட்டை வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினார்.

சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் வந்தார். காலையில் சிரித்த டிரைவரும் தன் டாக்ஸியை எடுக்க வந்திருந்தார், கூட்டாளியும் உடன். பெரியவர் குழியிலிருந்து ஏறி வந்து நின்றார். 

“மூணாவது ராடு நட்ட இறுக்காம விட்டது நான்தான். என் தம்பி மேல தப்பே இல்ல. காலைல நான் பேசினது பொய்.”

யாரும் சிரிக்கவில்லை. “அப்ப சின்னவரு எங்க?” என்றார் மருந்துக்கடைக்காரர்.  பெரியவர் மறுபடி குழிக்குள் இறங்கி, புது பேரிங், புது போல்ட், புது நட்டு போட்டு இறுக்கினார். எட்டையும் திரும்பத் திரும்பச் சோதித்தார். பொட்டு வைக்கக் கை வரவில்லை.

“அந்த ஸ்பேனர இப்படிக் கொடுங்க.”

குழி விளிம்பில் சின்னவர் நின்றார். எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார், தெரியாது. ஆணியில் கிடந்த சட்டையைத் தொடாமல், வீட்டுச் சட்டையோடேயே இறங்கினார்.

“எட்டையும் பாத்துட்டேன்டா.”

“நானும் ஒரு தடவ பாக்குறேன்.”

சின்னவர் ஒவ்வொரு நட்டாக ஸ்பேனரைப் போட்டு அழுத்திப் பார்த்தார். பார்த்த நட்டுக்கெல்லாம் ஒரு மஞ்சள் பொட்டு வைத்தார். எட்டும் முடிகிறவரை, எல்லாரும் பார்க்க, பெரியவர் வாயே திறக்காமல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாளைக்கு வருவியா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.