ஜெர்மன்காரர் சொன்ன பொருத்தம்

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஜெர்மன் மொழி தெரிந்திருந்ததற்குக் காரணம், அப்பா ஒருநாள் கண்ணாடி போடாமல் கடைக்குப் போனதுதான்.

அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பி.காம். முடித்துவிட்டு டவுணில் வீட்டோடு இருந்த எனக்கு இங்கிலீஷ் பேச வர வேண்டும் என்று ஜங்ஷன் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு கேசட் பெட்டி வாங்கி வந்தார். போட்டுக் கேட்டால் உள்ளே ஒருவர் சளி பிடித்தவர்போல் தொண்டையைக் காறிக் காறிப் பேசினார். அம்மாதான் அட்டையை வாங்கி வாசித்தாள்.

“இது ஜெர்மன்லா” என்றாள்.

அப்பா அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, “சரி, அதையே படி. வாங்கினது வீணாப் போவக் கூடாது” என்றார்.

படித்தேன். வேறு வேலையும் இல்லை. ஒரு கேசட்டின் நாடாவை டேப்ரிக்கார்டர் தின்றுவிட்டது. இறந்தகாலம் முழுக்க அதில்தான் இருந்தது. அதனால் என் ஜெர்மனில் எதுவுமே நடந்து முடிந்திருக்காது. எல்லாம் நடந்துகொண்டே இருக்கும்.

கயத்தாறு பக்கத்துப் பொட்டல் காடுகளில் காற்றாலை நிறுத்த ஆரம்பித்த காலம் அது. பாளையங்கோட்டையில் அலுவலகம் போட்டிருந்த ஒரு கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து மெக்கானிக் ஒருவர் வரப்போகிறார் என்றும், அவருக்கு இங்கிலீஷ் வராது என்றும் கேள்விப்பட்டு அப்பா என்னைக் கூட்டிப்போனார். மானேஜர் எங்களூர்க்காரர்தான். “ஜெர்மன்லே ஏதாவது சொல்லும்மா” என்றார். துணிக்கடைப் பாடத்திலிருந்து, “இந்தப் பாவாடை எனக்கு அளவாக இருக்கிறது” என்று சொன்னேன். அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார்.

அந்தப் பாவாடை வாக்கியத்தில் ஒரு வினைச்சொல் வரும். பஸ்ஸன். துணி உடம்புக்குச் சரியாக இருந்தால் ‘பஸ்ட்’ என்பார்கள். எனக்குத் தெரிந்த அர்த்தம் அவ்வளவுதான்.

வந்த மெக்கானிக் ஐம்பது வயதுக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற அகலம். ஜெர்மனியின் தெற்கே ஏதோ மலையடிவாரத்து ஊர். அதிகம் பேச மாட்டார். பேசினால் பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான்.

லாட்ஜ் அறை பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். “பஸ்ட்” என்றார்.

“அளவாயிருக்காம்” என்று மானேஜரிடம் சொன்னேன். மானேஜர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை இலையில் இரண்டு இட்லி வைத்து, போதுமா என்று கேட்கச் சொன்னார்கள். எனக்குப் ‘போதுமா’ வரவில்லை. நன்றாயிருக்கிறதா என்று கேட்டேன். “பஸ்ட்” என்றார்.

“அளவாயிருக்காம்.”

அன்றிலிருந்து அந்த மெஸ்ஸில் அவருக்கு இரண்டு இட்லிக்கு மேல் யாரும் வைக்கவில்லை. மனுஷன் மரியாதைக்காரர், கேட்கவும் இல்லை. சில நாட்களில் சட்டை தொளதொளத்தது. சாயங்காலமானால் டவுணுக்கு வந்து அல்வாக் கடை வாசலில் நின்று இலையோடு வாங்கி விழுங்கிக்கொண்டிருப்பதை அப்பாவே பார்த்திருக்கிறார். “ஒல்லியா இருக்கணும்னு நெனைக்காரு போல. ஆனா வாய் கேக்கலே” என்றார் அப்பா.

லாட்ஜுக்கு எதிரே டீக்கடை. அங்கே டீயைக் குடித்துவிட்டு அவர் “பஸ்ட்” என்றால், கடைக்கார அண்ணாச்சி ஆற்றுவதை நிறுத்திவிட்டு ரோட்டுக்கு ஓடி, வருகிற டவுண் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்துவார். தினமும் கம்பெனி ஜீப் நின்றுகொண்டிருக்கும்போதே இது நடக்கும். ஜெர்மன்காரர் இதை எங்கள் ஊர் உபசாரம் என்று எடுத்துக்கொண்டார். கண்டக்டரைப் பார்த்துத் தலையைக் குனிந்து வணங்குவார். பஸ் போய்விடும்.

கயத்தாற்றில் முதல் காற்றாலையை ஓட்டிப் பார்க்கும் நாள். அடியில் சூடம், வாழைப்பழம், மஞ்சள் தடவிய பூசணிக்காய். நல்ல நேரத்துக்காக எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். ஜெர்மன்காரர் உச்சியில் இருந்தார். திடீரென்று அங்கிருந்து, “பஸ் அவுஃப்” என்று கத்தினார்.

“என்னம்மா சொல்லுதாரு?” என்றார் மானேஜர்.

அவுஃப் என்றால் மேலே. கேசட்டில் வந்திருக்கிறது. “மேலே எல்லாம் அளவாயிருக்காம்” என்றேன்.

எல்லாரும் சந்தோஷமாக அண்ணாந்து பார்த்தோம். ஒரு பெரிய ஸ்பேனர் வெயிலில் மின்னிக்கொண்டு வந்து, மானேஜருக்கும் எனக்கும் நடுவே இருந்த பூசணிக்காயில் விழுந்து அதைச் சுக்குநூறாக்கியது. மானேஜரின் வெள்ளைச் சட்டை முழுக்கப் பூசணி விதை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “நல்ல நேரம் ஆரம்பிச்சிட்டுலா. சரி, சூடத்தைக் கொளுத்துங்க” என்றார்.

‘பஸ் அவுஃப்’ என்றால் ‘ஜாக்கிரதை’ என்பது கீழே இறங்கி வந்த ஜெர்மன்காரர் கைகால்களை ஆட்டிக் காட்டியபோதுதான் புரிந்தது. மறுநாளே கல்லூரி நூலகத்துக்குப் போய் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். அந்த வினைச்சொல்லுக்கு ஒரு பத்தி முழுக்க அர்த்தம் இருந்தது. துணி அளவாக இருக்கும், நேரம் தோதாக இருக்கும், நிறம் சேரும், ஆள் ஒத்துப்போவான், சீட்டாட்டத்தில் தன் முறையை விட்டுவிடுவான். எல்லாவற்றுக்கும் சேர்ந்தாற்போல் ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடினேன். கிடைத்தது. பொருந்து. அறை பொருந்துகிறது, நேரம் பொருந்துகிறது, ஸ்குரு பொருந்துகிறது. எதில் போட்டாலும் உட்கார்ந்தது. அதன்பிறகு அவர் எந்தப் பஸ்ட் சொன்னாலும் யோசிக்காமல் “பொருந்துதுங்காரு” என்றேன். ஒரு மாதம் வேலை வெகு சுமுகமாக நடந்தது. அவருக்கு நாலு இட்லி கிடைக்க ஆரம்பித்தது.

இந்த நேரத்தில்தான் அம்பாசமுத்திரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடியில் வேலை. தகப்பனார் இல்லை. பெரியப்பாதான் எல்லாம். அவர் தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்று, முழுநேரமும் ஜாதகம் பார்க்கிறவர்.

வருவதாகச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. அன்றைக்கென்று மெஸ் கிடையாது. ஜெர்மன்காரருக்கு மத்தியானம் ஒருவேளை சாப்பாடு போட முடியுமா என்று மானேஜர் கேட்டார். அம்மா சொதி வைத்தாள். இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கும் வைத்து அவர் சாப்பிட்ட சாப்பாட்டை அம்மா இன்றைக்கும் சொல்லுவாள். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். மூன்றரைக்கு எழுப்பி அனுப்பிவிடலாம் என்று அப்பா சொன்னார்.

நாலரைக்கு ராகுகாலம் ஆரம்பிக்கிறது, பேச்சு இழுத்துக்கொண்டு அதற்குள் விழுந்துவிடக் கூடாது என்று பெரியப்பா எல்லாரையும் மூன்று மணிக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

கூடத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் குறட்டை விடுவதைப் பார்த்துப் பெரியப்பா அசந்துபோனதை அடுக்களையிலிருந்து நான் கேட்டேன்.

“யாரு வே இவரு?”

“ஜெர்மன்காரரு. பிள்ளை வேலை பாக்க எடத்துலே பெரிய மெக்கானிக்கு.”

“ஜெர்மனியா?” பெரியப்பாவின் குரல் தணிந்தது. “நம்ம ஜோசிய ஏடெல்லாம் அங்கனதான் இருக்கு, தெரியுமா? எவனோ அள்ளிட்டுப் போய்ட்டான். அங்க சின்னப் பிள்ளைக்குக்கூட சம்ஸ்கிருதம் தெரியும்.”

அப்பா தலையை ஆட்டி வைத்தார். மாப்பிள்ளை வீட்டாரிடம் மறுத்துப் பேசக் கூடாது என்று அம்மா காலையிலேயே சொல்லி வைத்திருந்தாள்.

நான் பஜ்ஜித் தட்டோடு கூடத்துக்கு வந்தேன். பெரியப்பா மடியில் இரண்டு ஜாதகங்களையும் விரித்து வைத்திருந்தார். மாப்பிள்ளை ஓரமாக, கைகளைத் தொடைக்கு நடுவே வைத்து உட்கார்ந்திருந்தார். ஜெர்மன்காரர் கண் விழித்து இத்தனை பேரைப் பார்த்துப் பதறி எழுந்திருக்கப் பார்த்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. பிரம்புக் கைகள் அவர் இடுப்பைக் கவ்விக்கொண்டிருந்தன. மறுபடி உட்கார்ந்து, வருத்தமாகத் தலையை ஆட்டி, “பஸ்ட் நிஷ்ட்” என்றார்.

“என்னம்மா சொல்லுதாரு?” என்று பெரியப்பா என்னைக் கேட்டார்.

ஒரு மாதப் பழக்கம். வாயில் தானாக வந்தது. “பொருந்தலேங்காரு.”

பெரியப்பா மடியிலிருந்த ஜாதகத்தைப் பார்த்தார், ஜெர்மன்காரரைப் பார்த்தார்.

“எது பொருந்தலே? ரஜ்ஜுப் பொருத்தமா? நானும் அதைத்தான் ரெண்டு நாளா யோசிச்சுட்டிருந்தேன்” என்றார்.

“அண்ணாச்சி, அவரு நாற்காலியச் சொல்லுதாரு” என்றார் அப்பா.

“நீரு இரும் வே. அவரு வாயாலே கேப்போம்.” பெரியப்பா எழுந்து போய் இரண்டு ஜாதகங்களையும் ஜெர்மன்காரர் கையில் கொடுத்துவிட்டார்.

கட்டம் கட்டமாக எழுதியிருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. பேனல் பெட்டியின் வயரிங் படம் என்று நினைத்திருக்கிறார். பாக்கெட்டிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, மற்றதன் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்தார். அத்தனை பொறுமையாக எங்கள் ஊரில் எந்த ஜோசியரும் பார்த்ததில்லை. கடைசியில் எல்லாரும் தன் வாயையே பார்ப்பதைக் கண்டு, யாரையும் வருத்தப்படுத்த வேண்டாம் என்று நினைத்தார்போல. “பஸ்ட் ஷோன்” என்றார்.

ஷோன் என்றால் ‘ஏற்கெனவே’. ரயில் நிலையப் பாடத்தில், ரயில் ஏற்கெனவே போகிறது என்று வரும். ‘பஸ்ட் ஷோன்’ என்று சேர்த்துச் சொன்னால் ‘பரவாயில்லை, விடுங்கள்’ என்று அர்த்தம் வரும் என்பது அந்தக் கேசட்டில் இல்லை.

“ஏற்கெனவே பொருந்திட்டுதாம்” என்றேன்.

“ஏற்கெனவேயா?” என்றார் பெரியப்பா. “யாரோட?”

அதற்குமேல் யார் என்ன சொல்லியும் எடுபடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஜெர்மன்காரரைப் பார்த்தாள். பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, காபியையும் குடித்துவிட்டு, ராகுகாலத்துக்கு முன்பாகக் கிளம்பிப் போனார்கள். மாப்பிள்ளை மட்டும் வாசலில் ஒரு கணம் நின்று ஏதோ கேட்க வாயெடுத்தார். பெரியப்பா கூப்பிட்டதும் போய்விட்டார். நாற்காலியின் ஒரு கையை அறுத்துத்தான் ஜெர்மன்காரரை வெளியே எடுத்தோம்.

திங்கள்கிழமை அவரிடம் நடந்ததைச் சொல்ல முயன்றேன். என்னிடம் இறந்தகாலம் இல்லையே. “நான் கல்யாணம் செய்கிறேன். நீங்கள் பொருந்தவில்லை என்கிறீர்கள். அவர்கள் அம்பாசமுத்திரம் போகிறார்கள்” என்றேன். அவர் திடுக்கிட்டு எழுந்தார். எல்லாம் இன்றைக்கே நடக்கிறது என்று புரிந்துகொண்டார். நேரே மானேஜரிடம் போய் ஜீப்பைக் காட்டி, “அம்பாசமுத்திரம்” என்றார். போகிற வழியில் டவுணில் நிறுத்தி ஒரு பெட்டி அல்வாவும், பூக்கடையில் பந்து பந்தாகப் பூவும் வாங்கினார். அல்வாவைத் தன் மடியிலும் பூவை என் மடியிலும் வைத்தார்.

“போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருவோம்மா. பாவம், மனுஷன் தவிக்காரு” என்றார் மானேஜர்.

சேரன்மாதேவி தாண்டும்வரை எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான், பூவும் இனிப்பும் எடுத்துக்கொண்டு நான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. ஜீப்பை நிறுத்தச் சொல்லலாம். சொல்லவில்லை. அந்த வீடு எப்படியிருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா பூவையும் அல்வாவையும் பார்த்ததும் பழக்கதோஷத்தில் உள்ளே போய்த் தாம்பாளம் எடுத்துவந்து வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகுதான் என்னைக் கவனித்தாள். உட்கார் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தேன். மானேஜர் நாற்காலிக் கதையை முழுக்க விளக்கினார். பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அப்ப இவருக்கு ஜாதகம் தெரியாதா?”

“தெரியாது அண்ணாச்சி. காத்தாடிதான் தெரியும்.”

பெரியப்பாவின் முகம் விழுந்துவிட்டது. ஒரு ஜெர்மன்காரரே ரஜ்ஜு இல்லை என்று சொல்லிவிட்டதாக அந்தத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாராம்.

உள்ளேயிருந்து காபி வந்தது. கொண்டுவந்தது மாப்பிள்ளை. லீவு போட்டு வீட்டில் இருந்திருக்கிறார். தட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தலையைக் குனிந்து வந்தார். முதலில் ஜெர்மன்காரர், பிறகு மானேஜர், கடைசியில் நான். டம்ளரை எடுக்கும்போது மெதுவாக, “நெசமாவே அந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம்?” என்று கேட்டார்.

“ஒரு பத்தி இருக்கு” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். முன்பல் ஒன்று லேசாகக் கோணல். எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது.

“சரிம்மா” என்றார் பெரியப்பா. “நடந்தது நடந்துட்டு. இப்ப நீங்க என்ன சொல்லுதீங்க?”

பெண் பார்க்கப் போன வீட்டுக் கூடத்தில், காபி குடித்த டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் வழக்கமாக எதைச் சொல்வார்களோ, அதுதான் என் வாயில் வந்தது.

“ஊருக்குப் போய்த் தகவல் சொல்லுதோம்” என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா தலையை ஆட்டினாள். முற்றிலும் முறையான பதில் அது. ஜெர்மன்காரர் என்னைப் பார்த்தார். அவருக்கு மொழிபெயர்க்க எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அப்பா, மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம், பெண் வீட்டார் முந்திக்கொள்ளக் கூடாது என்றார். நானும் காத்திருந்தேன். தபால்காரர் வரும் நேரத்தில் ஏதாவது சாக்கு வைத்து வாசல் பக்கம் நிற்பேன். ஜெர்மன்காரர் வேலை முடிந்து ஊருக்குப் போனார். வடக்கு ஜெர்மனியிலிருந்து வந்த அடுத்த ஆள் நன்றாக இங்கிலீஷ் பேசினார்.

அடுத்த ஆனித் தேரோட்டத்தின்போது ரத வீதிக் கூட்டத்தில் அப்பா பெரியப்பாவைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

“அந்தப் பையன் இப்ப மஸ்கட்லே இருக்கானாம். ஆறு மாசம் பாத்தாங்களாம். தகவல் சொல்லுதோம்னு சொல்லிட்டுப் போனீங்க, ஒண்ணையும் காணலேன்னு வருத்தப்படுதாரு.”

“நாமதான அவங்க சொல்லட்டும்னு இருந்தோம்” என்றாள் அம்மா.

“நான் என்னத்தச் சொல்ல? பொண்ணுக்குப் பிடிக்கலே போலன்னு அந்தப் பையனே அவன் அம்மைகிட்டச் சொன்னானாம்.”

நான் அடுக்களையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். மீதிக் காயைத் தான் நறுக்குவதாகச் சொல்லி அரிவாள்மணையை வாங்கிக்கொண்டாள்.