தள்ளக் கூடாத ரம்பம்

தச்சரின் உடம்பில் ஏதோ கோளாறு என்பதை அவர் மனைவிக்கு முதலில் சொன்னது ரம்பம்தான்.

ஆள் உயர ரம்பம் அது. இரு முனையிலும் கைப்பிடி. மரத்துண்டை நிமிர்த்திப் பூட்டிவிட்டு, அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் அவளுமாக நின்று பலகை அறுப்பார்கள். ஆளுக்கு ஒரு இழுப்பு. அவர் இழுக்கும்போது அவள் கையைத் தளர்த்திக் கூடவே போக வேண்டும்; அவள் இழுக்கும்போது அவர். தள்ளவே கூடாது. தள்ளினால் மெல்லிய தகடு நெளிந்து கோட்டை விட்டு விலகிவிடும். கல்யாணமான இரண்டாம் மாதம், மறுமுனை பிடித்தவர் திடீரென்று வேலையை விட்டுப் போக, "இன்னிக்கு ஒரு நாள் பிடிச்சுக்கோ" என்றார் தச்சர். அந்த ஒரு நாள் பதினேழு வருஷமாக முடியவில்லை.

கோபமா, பசியா, தூக்கம் கெட்டதா, இரண்டே இழுப்பில் கண்டுபிடித்துவிடுவாள். பேச்சுவார்த்தை நின்றுபோன நாட்களிலும் அவர் மனசு அந்தக் கைப்பிடி வழியாக அவளிடம் வந்து சேர்ந்துவிடும்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலை, பத்தாவது இழுப்பில் ரம்பம் கனத்தது. மறுபக்கம் கை இருந்தது, இழுப்பு இல்லை. எட்டிப் பார்த்தாள். தச்சர் இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"என்னங்க?"

"வாயுப் பிடிப்பு. நீ இழு."

அவளுடைய அப்பா இப்படித்தான், "கொஞ்சம் உட்கார்றேம்மா" என்று சுவரோரம் உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை.

அன்று முதல் நிம்மதி போயிற்று. அவர் இருமினால் திடுக்கிட்டாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவருகில் போய்க் காதை வைத்தாள். டாக்டர் என்ற பேச்சை எடுத்தாலே, "உனக்கு வேற வேலை இல்லையா?" என்று எரிந்து விழுந்தார். அதற்கு மேல் கேட்கவும் பயம். கத்தினால் அவருக்கு என்ன ஆகுமோ!

வாயால் முடியாததைக் கையால் செய்தாள். அவர் இழுக்கும் முறை வரும்போது, அவரை இழுக்க விடாமல் தானே மெல்லத் தள்ளினாள். பலகை கெடும் என்று தெரிந்தேதான் செய்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, இழைப்பு மேசை அருகில் நின்ற கொழுந்தன் தலையைத் தூக்கினான். "என்ன அண்ணி, ரம்பத்துக்குத் தொண்டை கட்டிடுச்சா? சத்தமே வேற மாதிரி வருது."

"நீ உன் பலகையைப் பாரு தம்பி. நேத்து நீ இழைச்ச கதவுல கோலி வச்சா உருண்டு வந்துடும் போல இருக்கு."

சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டான். அவர் கை இன்னும் சோர்ந்திருந்ததால், அவள் வழக்கத்தைவிட அழுத்தித் தள்ளினாள்.

அன்று பிற்பகல் பலகை பிரிந்து விழுந்தது. தச்சர் அளவுகோலை வைத்தார். ஒரு ஓரம் ஒரு விரல் கனம், மறு ஓரம் இரண்டு விரல். நல்ல மரம், பாழ். அவர் முகம் சிவந்தது.

"பதினேழு வருஷம் இதுல நின்னிருக்கே. தள்ளியிருக்கியே, உனக்குக் கூச்சமா இல்ல?"

கொழுந்தனின் இழைப்புளி நின்றது.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "நீங்க இழுக்கல. அதான் தள்ளினேன்."

"யாரு இழுக்கல?"

"பத்து இழுப்புக்கு மேல உங்க கையில ஒண்ணுமில்ல. மூணு வாரமா நான் ஒருத்திதான் அறுக்கறேன். கொஞ்சம் கொஞ்சமா நீங்க போறது என் உள்ளங்கையில தெரியுது. நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

தச்சர் மீதி மரத்தில் ரம்பத்தை வைத்து, வீம்பாகக் கைப்பிடியைப் பிடித்தார். "வா. இப்போ பிடி, பார்க்கலாம்."

"வேணாங்க."

"பிடின்னு சொல்றேன்ல."

பிடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... இந்த முறை அவள் தள்ளவில்லை. ஆறாவது இழுப்பில் ரம்பம் பாதியில் நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்க்கவே பயமாக இருந்தது.

"தம்பி," என்றார் தச்சர், ஈனக் குரலில். "வண்டி கூப்பிடு."

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி நெடுக அவர் மணிக்கட்டை விரல் பதியப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்தது வருமா என்று காத்திருந்தாள். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்துவிட்டு, எழுதிக்கொண்டே கேட்டாள். "எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"நேத்துலேர்ந்துதான்..." என்று ஆரம்பித்தார் தச்சர்.

"மூணு வாரமா டாக்டர்," என்றாள் மனைவி. "இவர் சொல்ல மாட்டார். எனக்குத் தெரியும்."

தச்சர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அடி வாங்கப்போகிற குழந்தையின் பார்வை.

"ரெண்டு மாசம்," என்றார். "உனக்குத் தெரியக் கூடாதுன்னு முதல்ல பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுத்தேன். அப்புறம்தான் முடியாமப் போச்சு."

டாக்டரின் பேனா நின்றது. எழுந்து கதவைத் திறந்து, ஸ்ட்ரெச்சரை உடனே கொண்டுவரச் சொன்னாள்.