நல்ல தண்ணி

1992 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். மழை விட்டிருந்தது. தேநீருக்கு முன் கொட்டிலுக்குப் போய், பலகையின் மேல் கழற்றி வைத்திருந்த கார்ப் பற்றரியின் ஆறு மூடிகளையும் திறந்து, ஒவ்வோர் அறையின் அமிலத்தையும் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி அளந்து கொப்பியில் எழுதினேன். செவ்வாயும் வெள்ளியும் இது நடக்கும். போரால் ஊரில் மின்சாரம் இல்லாதபடியால், பதினைந்து நாளுக்கு ஒருமுறை பற்றரியைச் சைக்கிளில் கட்டி, மருதனார்மடத்தில் எஞ்சின் வைத்துச் சார்ஜ் பண்ணும் கடைக்குக் கொண்டுபோவேன்.

கார் மனைவியின் தமையனுடையது. இரண்டே இருக்கை, மடக்குக் கூரை, நிலத்தோடு ஒட்டிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கனடாவுக்குப் போகும்போது எங்களிடம் விட்டுப்போனார். மாரி முழுவதும் அது ஓட வேண்டியதில்லை, ஒரு நாளைத் தவிர. மகளுக்கு மார்கழி நடுவில் பிள்ளைப்பேறு. ஆஸ்பத்திரிக்குப் போக எங்களிடம் வேறு வாகனம் இல்லை. பெற்றோலுக்குத் தடை; ஒரு போத்தல் மட்டும் ஒளித்து வைத்திருந்தேன். அதில் எஞ்சினைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பற்றரி தளர்ந்தால் பெற்றோலும் வீண். சேற்றில் தள்ளிக் கிளப்பவும் முடியாது.

அன்று மூன்று அறைகளில் தண்ணீர் குறைந்திருந்தது. சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசை தொடங்கியிருக்கும் என்ற அவசரத்தில், “பற்றரிக்கு நல்ல தண்ணி விட்டுவிடும். கோட்டுக்கு மேலை வேண்டாம்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனேன். வெட்டவெளியில் பிடித்து, அலுமாரிக்கு மேல் போத்தலில் வைத்திருந்த, உப்பும் சுண்ணாம்பும் இல்லாத மழைத்தண்ணீரைத்தான் நினைத்தேன்.

ஒரு மணிக்குத் திரும்பி வந்தபோது போத்தலில் தண்ணீர் குறையவில்லை.

“எந்தத் தண்ணி விட்டனீர்?”

“நல்ல தண்ணி எண்டுதானே சொன்னியள்? எங்கடை கிணறு உவர் எண்டு கோயில் கிணத்திலை போய் அள்ளிக்கொண்டு வந்தனான். சேத்துக்குள்ளை!”

குடிக்கக்கூடிய தண்ணீரைத்தான் நாங்கள் நல்ல தண்ணி என்போம். நானும் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலைத் திறந்து, உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்த சுண்ணாம்பைக் காட்டினேன்.

“உதுதான் இப்ப பற்றரிக்குள்ளையும் போயிருக்கு.”

“ஊரே குடிக்கிற தண்ணி. உங்கடை பற்றரி மட்டும் என்ன பெரிய மாப்பிள்ளையே?”

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அப்பா, முதல்லை நான் உந்தக் காருக்குள்ளை இறங்கேலுமோ எண்டு பாருங்கோ. இறங்கினா எழும்பேலாது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிட்ட கையோடு மருதனார்மடத்துக்குச் சைக்கிள் மிதித்தேன். நடந்ததைக் கடைக்காரர் கிறீஸ் கையைத் துடைத்தபடி கேட்டுவிட்டுச் சொன்னார்.

“சாகாது ஐயா. ஆனா சார்ஜ் கெதியா இறங்கும்.”

“எவ்வளவு கெதியா? மார்கழி வரைக்கும் தாங்குமோ?”

“அதைப் பற்றரியைத்தான் கேக்கோணும்.”

பின்னேரம் நான்கு முறை கொட்டிலுக்குப் போனேன். அளந்தும் பயனில்லை. புதிதாக விட்ட தண்ணீர் அமிலத்தோடு கலக்கும்வரை குழாய் பொய்தான் காட்டும். அது தெரிந்தும் இரண்டு முறை அளந்தேன். இரண்டு முறையும் வேறு வேறு எண். கொப்பியில் எழுதி வெட்டினேன். அந்தக் கொப்பியில் அதற்கு முன் வெட்டு எதுவும் இல்லை. காரைக் கிளப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் வீணாக ஒரு தரமும் திறப்பைத் திருப்புவதில்லை என்று கொப்பியின் முதல் பக்கத்தில் நானே எழுதி வைத்திருந்தேன். இரவுச் சாப்பாட்டின்போது மனைவி, “நாளைக்கு வெள்ளிக்கிழமையே?” என்று கேட்டாள். புதன் என்றேன். “அப்ப உங்களுக்கு வேலையில்லை” என்றாள்.

மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாகப் பற்றரியைத் தூக்கிக்கொண்டுபோய்க் காரில் வைத்து, இரண்டு வயர்களையும் முறுக்கி, பெற்றோல் விடாமல் திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் கனமாக, ஆனால் தடங்காமல் மூன்று சுற்றுச் சுற்றியது. குசினிக்குள் இருந்து மகள், “ஓம் அப்பா, கேட்டது” என்றாள். வயர்களைக் கழற்றினேன்.